மெதுவாக வளரட்டும்

பெரிய இன நாய்க்குட்டியை மேசைமேல் தூக்கி வைத்ததும் நான் முதலில் பார்ப்பது அதன் முன்னங்கால்களை. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு புடைத்திருக்கிறதா, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா, விரல்கள் விரிந்து தட்டையாகத் தரையில் படிகின்றனவா என்று பார்ப்பேன். காய்ச்சல் பார்ப்பதற்கும் முன்னால் ஒரு கேள்வி: "என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?" பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது டாக்டர்." நாலு மாதத்தில் இருபது கிலோவைத் தொட்ட ராட்வீலர் ஒன்றும் சாப்பிடாமல் அப்படி வளர்ந்திருக்காது. கூட வந்த பிள்ளையைக் கேட்டால் விவரம் வரும். காலையில் பால், அப்புறம் நாலு பிஸ்கட், தாத்தா சாப்பிடும்போது ஒரு இட்லி, மதியம் கறிச்சோறு, சாயங்காலம் அக்கா வந்ததும் முட்டை, ராத்திரி கடையில் வாங்கிய பை உணவு. இடையில் டானிக். இந்தப் பட்டியல் முழுதாகக் கையில் கிடைக்கிறவரை நான் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை.

வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்து முடித்து, மதுரைப் பக்கம் அரசு கால்நடை மருந்தகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது 1980களின் கடைசியில். ஊர்க்காரர்கள் மாட்டாஸ்பத்திரி என்பார்கள். பெயருக்கேற்றபடி வந்ததெல்லாம் மாடும் ஆடும் கோழியும்தான். நாய் என்றால் வெறிநாய்க்கடி பயத்தில் ஊசி போடக் கொண்டுவருவார்கள். ராஜபாளையம் பக்கத்திலிருந்து எப்போதாவது வெள்ளை வெளேரென்று ஒரு நாயோடு யாராவது வருவார்கள். தோள் உயரம் எழுபது சென்டிமீட்டரைத் தொடும் இனம் அது. பெரிய நாய்தான், ஆனால் கால் வளைந்த ராஜபாளையம் குட்டியை அந்தக் காலத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. கம்பங்கூழும் மோர்ச்சோறும் வீட்டில் மிஞ்சிய எலும்பும்தான் அதற்குச் சாப்பாடு. அது சரியான உணவு என்று சொல்லமாட்டேன். குடற்புழுவிலும் டிஸ்டெம்பரிலும் எத்தனையோ குட்டிகள் செத்தன. ஆனால் விலா எலும்பு தெரிய, தோட்டத்தில் ஓடி, நிதானமாக வளர்ந்தன. குட்டியைக் கொழுக்க வைத்துச் சீக்கிரம் பெரிய நாயாக்க வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இல்லை.

சிக்கல் டவுன் வீடுகளில் இருந்தது. அல்சேஷன் வாங்குவது அப்போது ஒரு கௌரவம். பணம் கொடுத்து வாங்கிய நாய்க்குப் பணம் கொடுத்தே சாப்பாடும் போட வேண்டும் என்று கறிக்கடையில் தினமும் ஈரல் சொல்லி வைப்பார்கள். ஒரு ஜவுளிக் கடைக்காரர் அப்படித்தான் நாலு மாதக் குட்டிக்குச் சோற்றில் ஈரலைப் பிசைந்து மூன்று வேளையும் போட்டுவந்தார். ஈரல் ரத்தம் ஊறவைக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஒருநாள் அது திண்ணையிலிருந்து குதித்தது. ஒற்றைப் படி உயரம்தான். எழுந்திருக்கவில்லை.

எங்களிடம் எக்ஸ்ரே கிடையாது. மனிதர்களுக்கான எக்ஸ்ரே நிலையம் ஒன்றில், இரவு ஒன்பது மணிக்குமேல் நோயாளிகள் எல்லாம் போனபிறகு பின்வாசல் வழியாகத் தூக்கிப்போனோம். படத்தை விளக்கில் பிடித்தபோது எலும்புக்கும் சதைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்பு சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஓரங்கள் பென்சில் கோடு அளவுக்கு மெலிந்திருந்தன. தொடை எலும்பு இரண்டாக உடையவில்லை, மடிந்திருந்தது. சாப்பாட்டை விசாரித்ததும் காரணம் விளங்கிவிட்டது. ஈரலில் கால்சியத்தைப்போல முப்பது மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ். வெறும் இறைச்சியிலும் அந்த விகிதம் மோசம்தான். ரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது. குறைந்தால் இதயமும் நரம்பும் தடுமாறும். அதனால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி, சாப்பாட்டில் வராத கால்சியத்தை எலும்பிலிருந்து எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருக்கும். குட்டி வெளியே கொழுகொழுவென்று இருக்கும், உள்ளே எலும்பு காலியாகிக்கொண்டிருக்கும்.

"கறி போட்டே கால் போச்சா?" என்று அந்த மனிதர் திரும்பத் திரும்பக் கேட்டார். கூண்டில் அடைத்து நடமாட்டத்தை நிறுத்தி, ஈரலை நிறுத்தி, கால்சியத்தை அளந்து சேர்த்தோம். சில வாரங்களில் படத்தில் எலும்பு வெளுக்கத் தொடங்கியது. நாய் நடந்தது. ஆனால் இடுப்பெலும்பு உள்வாங்கிக் குறுகிவிட்டதால், மலம் கழிக்க அது ஆயுள் முழுக்கச் சிரமப்பட்டது.

அந்தக் காலத்தில் கால் வளைந்த எந்தக் குட்டியைக் கண்டாலும் "ரிக்கெட்ஸ்" என்று சொல்லி, காலை வெயிலில் கட்டிவைக்கச் சொல்வார்கள். கைக்குழந்தைக்குச் சொல்வதை நாய்க்கும் சொன்னார்கள். இதில் ஒரு வினோதம் உண்டு. குழந்தைகளின் ரிக்கெட்ஸுக்குச் சாப்பாடும் காரணம் என்று நிரூபித்ததே நாய்க்குட்டிகளை வைத்துத்தான். 1919இல் லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி ஓட்ஸ் கஞ்சியைப் போட்டு வளர்த்த குட்டிகளுக்குக் கால் வளைந்தது, மீன் ஈரல் எண்ணெய் கொடுத்ததும் சரியானது. அந்த எண்ணெயில் இருந்தது வைட்டமின் டி. நம் தோல் வெயிலில் அதைச் செய்துகொள்ளும். நாயின் தோல் போதுமான அளவுக்குச் செய்யாது என்பதை 1990களில் நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்கள். வெயிலில் கட்டிய குட்டிகள் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தன, அவ்வளவுதான். வைட்டமின் டி கிண்ணத்தின் வழியாகத்தான் வர வேண்டும்.

1990களின் நடுவில் காற்று மாறியது. கேபிள் டிவி வந்தது, அடுக்குமாடி வந்தது, லாப்ரடார் வந்தது. கிரேட் டேனும் செயின்ட் பெர்னார்டும்கூட மதுரை வெயிலுக்கு வந்து சேர்ந்தன. பையில் அடைத்த உணவு கடைகளில் தொங்க ஆரம்பித்தது. நான் தனியாக ஆஸ்பத்திரி போட்டதும் அப்போதுதான். குட்டி விற்பவர்கள் கூடவே ஒரு சீட்டும் எழுதிக் கொடுப்பார்கள். அரை லிட்டர் பால், இரண்டு முட்டை, குழந்தைகளுக்கான மாவுணவு, கால்சியம் டானிக், ஈரல் டானிக், மல்டி வைட்டமின் சொட்டு. கையெழுத்து மாறினாலும் உள்ளடக்கம் மாறாது. பை உணவு வாங்கியவர்களும் இந்தச் சீட்டை விடவில்லை. அதன் மேலேயே இதையும் சேர்த்தார்கள்.

சிவகாசிப் பக்கத்திலிருந்து ஓர் அச்சக முதலாளி கிரேட் டேன் குட்டியைக் காரில் கொண்டுவந்தார். அஞ்சு மாதம். முன்கால்கள் இரண்டும் முழங்கைக்குக் கீழே வில்லாக வளைந்து, பாதம் கிழக்கும் மேற்குமாகத் திரும்பியிருந்தது. கால்சியம் பற்றாது என்று எவரோ சொல்ல, மாட்டுக்குப் போடும் தாது உப்புக் கலவையை நாளுக்கு இரண்டு பெரிய கரண்டி போட்டுவந்திருக்கிறார். அந்தக் கலவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கால்சியம்தான். குட்டிக்கான பை உணவில் ஏற்கெனவே தேவையானது முழுக்க இருக்கிறது. அதன்மேல் பால், மாத்திரை. கால் வளைய வளையக் கரண்டியின் அளவைக் கூட்டியிருக்கிறார்.

இதன் எக்ஸ்ரே படத்தில் எலும்பு நல்ல வெள்ளை. கோளாறு வேறிடத்தில் இருந்தது. முன்காலில் இருக்கும் இரண்டு எலும்புகளில் ஒன்றான அல்னாவின் கீழ்முனையில், எலும்பாக மாறியிருக்க வேண்டிய குருத்தெலும்பு மாறாமல் கூம்பு வடிவில் தங்கிவிட்டது. அதனால் அல்னா வளரவில்லை. பக்கத்து எலும்பு வளர்ந்துகொண்டே போனது. ஒன்று நின்று மற்றது நீண்டால், நீண்டது வளையத்தானே செய்யும்?

ஈரல் தின்ற அல்சேஷனுக்கும் இந்த டேனுக்கும் வெளிப்பார்வைக்குக் கால் கோணல் ஒன்றுதான். காரணம் நேர் எதிர். ஒன்றுக்குப் போதவில்லை, மற்றதற்கு மிஞ்சிவிட்டது. எங்கள் தொழிலில் நான் கண்ணால் பார்த்த பெரிய மாற்றம் இதுதான். முதல் பத்து வருடம் பற்றாக்குறையால் வளைந்த கால்கள் வந்தன. அப்புறம் வந்தவை பெரும்பாலும் அதிகமாகிப்போய் வளைந்தவை. சாப்பாட்டை விசாரிக்காமல், கோணலைப் பார்த்த மாத்திரத்தில் கால்சியம் எழுதினால் இரண்டாவது வகைக்கு அது விஷம்.

வளர்ந்த நாய்க்குக் கால்சியம் கூடினால் குடல் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். உட்ரெக்டில் ஹெர்மன் ஹேஸ்விங்கல் 1980களில் கிரேட் டேன் குட்டிகளில் இதை ஆராய்ந்தார். 1.1 சதவீதக் கால்சியம் உள்ள உணவில் ஒழுங்காக வளர்ந்த எலும்பு, 3.3 சதவீதம் கொடுத்தபோது கோளாறானது. டேன் பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஒரு வருடத்தில் ஐம்பது கிலோவைத் தாண்டும். அந்த வேகத்தில் போகும் எலும்பில் சின்னத் தவறும் பெரிதாகத் தெரிகிறது. அதே தவறைப் பொமரேனியன் பொறுத்துக்கொள்ளும்.

ஒன்று சொல்ல வேண்டும். கால்சியம் சிரப் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தால் அதில் கால்சியம் கொஞ்சம்தான் இருப்பது தெரியும். அளவை மீறவைப்பவை பொடியும் மாத்திரையும் எலும்புத்தூளும் தாது உப்பும். ஆனாலும் நல்ல பை உணவு தின்னும் குட்டிக்கு அந்தச் சிரப்பும் தேவையில்லை. "எதுவும் எழுதித் தராம அனுப்புறீங்களே டாக்டர்" என்று முகம் வாடுகிறவர்களிடம் நான் பொறுமையாக உட்கார்ந்து பேசுவேன். அந்தப் பத்து நிமிடம்தான் மருந்து.

அச்சக முதலாளியின் டேனுக்கு எல்லாவற்றையும் நிறுத்தி உணவைக் குறைத்தோம். இடதுகால் பெரும்பாலும் நிமிர்ந்தது. வலதுகாலுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. உணவைக் குறைக்கச் சொன்னபோது அவர் வீட்டம்மா கண்கலங்கிவிட்டார். "வளர்ற புள்ளைக்குச் சோத்தக் குறைக்கச் சொல்றீங்களே சார்?"

அந்தக் கேள்வியை இன்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹெடம்மர் குழுவினர் 1974இல் கிரேட் டேன் குட்டிகளில் பாதிக்கு வேண்டுமளவு சத்துணவு வைத்தார்கள், மீதிக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. எலும்புக் கோளாறுகள் வேண்டுமளவு தின்ற குட்டிகளில்தான் அதிகம். பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களை ஜோடிகளாகப் பிரித்து, எட்டு வாரத்திலிருந்து ஆயுள் முழுக்கக் கவனித்தது. ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு. இளைப்பாக வளர்ந்தவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு குறைந்தது, இடைநிலை ஆயுள் 13 வருடம். மற்றவற்றுக்கு 11.2 வருடம். 2002இல் வெளியான இந்த ஆயுள் கணக்கை நான் ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நாயின் கடைசி உயரம் அதன் பரம்பரையில் இருக்கிறது. நிதானமாக வளர்ந்தால் அந்த உயரத்தைச் சற்றுத் தாமதமாக எட்டும், குள்ளமாகிவிடாது.

இளைப்பு என்றால் எவ்வளவு? இதற்கு நான் கையைத்தான் காட்டுவேன். முஷ்டியை மடக்கி, முட்டி எலும்புகளைத் தடவிப் பார்க்கச் சொல்வேன். குட்டியின் விலா அப்படித் துருத்தினால் மெலிவு. விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவினால் எப்படியோ அப்படி இருந்தால் சரி. உள்ளங்கையைத் தடவுவதுபோலச் சதைதான் தட்டுப்படுகிறது என்றால் கிண்ணத்தில் குறைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத காவலாளி ஒருவர் இதை ஒருமுறை பார்த்துவிட்டு, முதலாளி வீட்டு ராட்வீலரை வாரம் தவறாமல் தடவிப் பார்த்து, நான் வளர்க்கச் சொன்ன மாதிரியே வளர்த்துக் கொடுத்தார்.

புரதத்தைப் பற்றிய பயமும் ஊரில் பரவலாக உண்டு. "கறி சூடு, எலும்பை உருக்கிடும்" என்பார்கள். ஆறேழு மாத அல்சேஷன் இன்று ஒரு காலை நொண்டும், பத்து நாள் கழித்து வேறொரு காலை நொண்டும். பேனோஸ்டைட்டிஸ் என்பது அதன் பெயர், வளர்ந்ததும் தானாகவே போய்விடும். அந்த நொண்டலைக் கண்டதும் கறியை நிறுத்திவிட்டு வெறும் தயிர்ச்சோறு போடுவார்கள். டேன் குட்டிகளில் உட்ரெக்ட் குழுவினரே 1991இல் இதையும் சோதித்தார்கள். புரதத்தைக் கூட்டியதால் எலும்புக்குக் கேடு வரவில்லை. கேடு அதிகக் கலோரியிலும் அதிகக் கால்சியத்திலும்தான்.

வெறும் தயிர்ச்சோறு என்ன செய்யும் என்பதை ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரின் வீட்டில் பார்த்தேன். சைவ வீடு. லாப்ரடார் குட்டிக்குத் தயிர்ச்சோறு, கேழ்வரகுக் கஞ்சி, தினமும் கால்சியம் மாத்திரை. அஞ்சாவது மாதம் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் தடித்த பொருக்குகள், பாதத்தின் மெத்தைகளில் வெடிப்பு. சொறி என்று வேறிடத்தில் பல வாரம் ஊசி போட்டிருந்தார்கள். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன், சொறிப்பூச்சி இல்லை. குறை துத்தநாகத்தில் இருந்தது. கேழ்வரகிலும் மற்றத் தானியங்களிலும் உள்ள பைட்டேட் துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கால்சியம் அதிகமானால் அந்தப் பிடி இன்னும் இறுகும். வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிகளுக்குத்தான் இது அதிகம் வரும்.

"முட்டை குடுக்கலாமா மாமி?" என்று கேட்டேன். "ஆத்துக்குள்ள முட்டை நுழையாது டாக்டர். வேற ஏதாவது வழி சொல்லுங்கோ" என்றார் அந்த அம்மாள். கோபமில்லை, கவலைதான். பெரிய இனக் குட்டிக்கென்று இருக்கும் பை உணவை எழுதிக் கொடுத்தேன். பையைக் கொல்லைப்புறத்து அலமாரியில் வைத்து, கிண்ணத்தைத் தனியாகக் கழுவி, முறையாகப் போட்டார்கள். மாத்திரை நின்றது, துத்தநாகம் சேர்ந்தது, சில வாரத்தில் பொருக்கு உதிர்ந்து மயிர் முளைத்தது. தினமும் புகைப்படம் எடுத்துவைத்து அவர் எனக்குக் காட்டினார்.

பை உணவு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது சில விஷயங்கள். 'பப்பி' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, பெரிய இனக் குட்டிக்கு என்று போட்டிருக்க வேண்டும். வளர்ந்தபின் ஏறத்தாழ 32 கிலோவைத் தாண்டும் நாய்களுக்கு அமெரிக்க அளவுகோல் தனி வரம்பு வைத்திருக்கிறது. ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் கால்சியம் 1.2 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 1.8ஐத் தாண்டக் கூடாது. மற்றக் குட்டிகளுக்கு 2.5 வரை போகலாம். கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒன்றுக்குள் நிற்க வேண்டும். நம் ஊர்ப் பைகள் பலவற்றில் கால்சியத்தின் குறைந்த அளவை மட்டும் போட்டிருப்பார்கள், உச்ச அளவு இருக்காது. பையில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள் என்பேன். பதில் சொல்லாத நிறுவனத்தின் பையை வாங்க வேண்டாம். தானியமே இல்லாதது என்று கூடுதல் விலைக்கு வருபவற்றில் தானியத்துக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் இருக்கும். அப்படிப்பட்ட உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2018இல் விசாரணை தொடங்கியது. முடிவான விடை வரவில்லை. அரிசியும் கோதுமையும் நாய்க்கு நன்றாகச் செரிக்கும்போது, அந்தச் சந்தேகத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

லூஸில் வாங்குவதை மட்டும் நான் கண்டிப்பாகத் தடுப்பேன். இருபது கிலோ மூட்டையைப் பிரித்துவைத்து, கால் கிலோ அரைக் கிலோவாக நிறுத்து விற்கிறார்கள். திறந்த மூட்டையில் கொழுப்பு காறிப்போகும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். மேலே உள்ள பெயர்தான் உள்ளே இருக்கிறதா என்பதற்கும் உத்தரவாதமில்லை.

எல்லோராலும் மாதாமாதம் மூட்டை வாங்க முடியாது. வீட்டில் சமைத்துப் போடுகிறவர்களை நான் ஒருபோதும் குறைவாகப் பேசியதில்லை. அவர்களுக்குக் கணக்கைத்தான் விளக்க வேண்டும். பத்து கிலோ எடையுள்ள மூன்று மாத லாப்ரடாருக்கு நாளுக்கு ஆயிரம் கலோரிக்குச் சற்று மேல் வேண்டும். ஒவ்வோர் ஆயிரம் கலோரிக்கும் மூன்றிலிருந்து நாலரை கிராம் கால்சியம். கோழிக்கறியும் சோறுமாக அந்த ஆயிரம் கலோரியைக் கொடுத்தால் கால் கிராம் கால்சியம்கூட வராது. ஒரு லிட்டர் பாலில் 1.2 கிராம்தான். அவ்வளவு பால் குடித்தால் குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும். ஒரு முட்டையின் ஓட்டைக் கழுவிக் காயவைத்து மாவாக அரைத்தால் ஏறத்தாழ இரண்டு கிராம் கால்சியம் கிடைக்கும். இதை வைத்து அளந்து சேர்க்கலாம். ஆனால் துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி எதுவும் ஓட்டில் கிடையாது. அதனால் வீட்டுச் சமையல் என்றால் பட்டியல் எழுதி, எடை போட்டு, மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். ஆலோசனைக் கட்டணம் அதற்கு நான் வாங்குவதில்லை. வேகவைத்த எலும்பு வேண்டாம். திராட்சை, வெங்காயம், சாக்லெட் கூடவே கூடாது.

மூன்று மாதம்வரை நாலு வேளை, ஆறு மாதம்வரை மூன்று வேளை, அப்புறம் இரண்டு. ஒரே வேளையில் மொத்தமாகக் கொட்டிவிட்டு ஓடவிடுவது ஆழமான மார்புள்ள டேன் போன்றவற்றுக்கு ஆபத்து, வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும். கிண்ணத்தை உயரமான ஸ்டாண்டில் வைப்பதாலும் அந்த ஆபத்து கூடுவதாக ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. கிண்ணம் தரையிலேயே இருக்கட்டும். ஆனால் அந்தத் தரை வழுக்கும் டைல்ஸாக இருந்தால், சாப்பாடு எவ்வளவு சரியாக இருந்தாலும் பாதம் விரியும். ஒரு கோணிச்சாக்கையாவது விரிக்கச் சொல்வேன்.

இப்போது வருகிறவர்கள் போனில் எல்லாவற்றையும் படித்துவிட்டு வருகிறார்கள். பச்சைக்கறி, உறையவைத்துக் காயவைத்தது, சால்மன் எண்ணெய் என்று கேள்விகள் நீளும். போன மாதம் ஒரு இளம் தம்பதி கேன் கோர்சோ என்ற பெரிய இனக் குட்டியோடு வந்தார்கள். மூன்று மாதம். கால்கள் நேராக இருந்தன. விலாவைத் தடவினேன், புறங்கையைவிடச் சற்றுச் சதைதான். "எவ்வளவு போடுறீங்கம்மா?" என்றேன். அந்தப் பெண் பையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து மேசையில் வைத்தாள். பையில் போட்டிருக்கும் அட்டவணைப்படி இந்த டம்ளரால் அளந்து போடுகிறாளாம். டம்ளரில் நிறைத்து எடை போட்டுப் பார்த்தோம். அவள் நினைத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். அட்டவணையே தாராளமாகத்தான் போட்டிருப்பார்கள், டம்ளர் அதையும் மீறியது. சமையலறைத் தராசு ஒன்று வாங்கச் சொன்னேன். எடையைக் கிராமில் எழுதிக் கொடுத்து, பத்து சதவீதம் குறைத்து, வாரம் ஒருமுறை குட்டியைத் தூக்கிக்கொண்டு நின்று எடை பார்க்கச் சொன்னேன்.

"எப்ப டாக்டர் பெரிய நாய் சாப்பாட்டுக்கு மாத்தணும்?" என்றான் அவன். லாப்ரடார் என்றால் ஒரு வருடம் தாண்டி. இதற்கும் டேனுக்கும் ஒன்றரையிலிருந்து இரண்டு வருடம், எலும்பின் வளர்முனைகள் மூடுகிறவரை. அதுவரை இதே வகைப் பையே இருக்கட்டும், அளவு மட்டும் எடையைப் பார்த்து மாறட்டும் என்று சொல்லி, அடுத்த எடைக்கு நாள் குறித்துக் கொடுத்தேன்.